பன்னிரண்டாம் எண் கேட்

பொகாச்சா, வேண்டாம்.
வேண்டாம் என்றேன் இல்லையா,
காலைக் கீழே வை.

லாரிகளை நிறுத்துவது என் வேலை.
அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.
உன் முன்னங்காலை நிறுத்துவதற்கு
யாரும் தருவதில்லை,
இந்த ஆகஸ்டில் அதைத்தான்
அதிகம் செய்திருக்கிறேன்.

தண்டவாளம் நெடுக, இடுப்புயரம்,
பார்லாக்ஃபூ.
ஆடு மேயாது, ஜாடியில் எவரும் வைக்க மாட்டார்கள்.
காற்றடித்தால் மாவு சலித்ததுபோல்
மஞ்சளாய் இறங்கும்,
என் ஜன்னல் விளிம்பில், தேநீர்க் கோப்பையில்,
உன் கண்ணில்.

நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் போட்டேன்.
மூன்றாவதற்குப் பதில் வந்தது:
உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.
உரிய பிரிவுக்குக் கண் அரிக்கவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன்,
லோரான்டின் பண்ணையில் இரவல் கேட்ட
நீளக் கைப்பிடி அரிவாளோடு.
வெட்ட வெட்டத் தூள் எழும்பியது.
எனக்கென்னவோ பெருமை,
ஐம்பத்தெட்டு வயதில் இத்தனை தூரம் வெட்டினேனே என்று.
திரும்பிப் பார்த்தால்
வெட்டிப்போட்ட குவியலில் நீ
மல்லாந்து புரண்டுகொண்டிருந்தாய்.

இருட்டுவதற்குள் உன் இமைகள்
வெந்த பிளம்பழத் தோலாய் வீங்கிவிட்டன.
செய்தவள் நான்.
உன்னைத் திட்டியவளும் நான்.

டாக்டர் கெலெமென் பச்சை மருந்தொரு சொட்டு விட்டு
விளக்கணைத்து, நீல வெளிச்சத்தில் பார்த்தார்.
இன்னும் கீறல் விழவில்லை, இபோயா நேனி,
இனி விழவும் கூடாது.
எத்தனை நாளைக்கு?
முதல் உறைபனி வரைக்கும்.
என் சுவர் நாள்காட்டியில்
பண்டிகைகளுக்குச் சிவப்பு உண்டு,
உறைபனிக்கு எந்த நிறமும் இல்லை.

கழுத்துக்கு ஒரு பிளாஸ்டிக் புனல் கொடுத்தார்.
நாற்காலிக் காலில் இடித்தாய், அடுப்பில் இடித்தாய்,
ராத்திரியெல்லாம் ஏதோ பக்கெட்
வீட்டுக்குள் நடமாடுவதுபோல் சத்தம்.
விடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டாய்:
கதவிடுக்கில் கொடுத்து அழுத்தினால்
புனல் பிளக்கும்.

சந்தையில் குழந்தைக் காலுறை வாங்கினேன்,
வாத்துப் படம் போட்டது.
ஒன்றை உருவினாய்.
இன்னொன்றைத் தின்றாய்.

கடைசியில் மிஞ்சியது கைதான்.
சொட்டு மருந்து விட்டு,
கொதித்தாறிய நீரில் நனைத்த துணியை
மூடிய கண்மேல் வைத்து,
உன் நகத்துக்கும் இமைக்கும் நடுவில்
என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
நீ சொறிகிறாய்.
என் கையைச் சொறிகிறாய்.
அது உனக்குப் போதும்போல் தெரிகிறது,
சற்று நேரத்துக்கு.

இரண்டு நாற்பதுக்கு மணி அடித்தது.
கோதுமை வண்டி.
கேட்டை இறக்க இரண்டு கையும் வேண்டும்,
அந்தக் கைப்பிடி என் அம்மா காலத்து இரும்பு.
கையை எடுத்தேன்.
எடுத்த மறுநொடி உன் கால் எழும்பியது.

யோசிக்க நேரமில்லை.
உன்னை அள்ளி
சீருடைக் கோட்டுக்குள் போட்டேன்,
கால் நான்கும் உள்ளே, தலை மட்டும் வெளியே,
கழுத்துவரை பொத்தான்.
ஒன்பது கிலோ. மூச்சு வாங்கியது.
உன் நகங்கள் என் கம்பளிச் சட்டையில் சிக்கிக்கொண்டு
வேறு வழியில்லாமல் அமைதியாயின.
இறக்கினேன், விளக்கைத் தூக்கிப் பிடித்து நின்றேன்.

எஞ்சின் வழக்கமாய் ஒருமுறைதான் ஊதும்.
அந்த ஓட்டுநரை எனக்குத் தெரியாது.
ஒரே கோட்டில் இரண்டு தலையைக்
கண்டிருக்க வேண்டும்,
ஊதினான்,
கொஞ்சம் யோசித்ததுபோல் விட்டு
இன்னொரு தரம் ஊதினான்.

நாற்பத்தொரு பெட்டிகள்.
ஒவ்வொன்றும் மஞ்சள் தூளைக் கிளப்பிக்கொண்டு போனது.
உன் முகத்தை என் கழுத்துக்குள் திருப்பி வைத்தேன்.

நீ தும்மினாய்.
பிறகு நானும்.