மூன்றாம் கட்டம்

வாடகை ஆயிரத்து இருநூறு.
கரண்டுக்குத் தனி மீட்டர், காற்றடிப்பது இலவசம்.
ஆயில் சிந்தினால் மரத்தூள் போட்டு
சிந்தியவரே அள்ள வேண்டும்.
இவ்வளவும் எழுதிய அட்டையில்
"வண்டிக்குள் தூங்கக் கூடாது" என்பது மட்டும்
பிற்பாடு சேர்த்தது,
மூன்றாம் கட்டத்து ஸ்தனிஸ்லாஸுக்காக.

நீடாமங்கலம் தாண்டி, மன்னார்குடி சாலையில்
உர மூட்டை அடுக்கிய ஷெட் இது.
கம்பெனிக்காரன் காலி செய்து போனபோது
யூரியா நெடியும் எட்டு மாத பாக்கியும் எனக்கு மிஞ்சின.
சுண்ணாம்பில் கோடு இழுத்தேன், ஆறு கட்டம்.
எவன் வருவான் என்றான் தம்பி.
வந்தார்கள்.

கால்நடை டாக்டர் வேதரத்தினம், ஒரு பத்மினியோடு.
மாட்டு வயிற்றில் வைத்த அதே ஸ்டெத்தை
டேப்பெட் மூடியில் வைத்துக் கண் மூடுவார்.
மின்வாரியத்துத் தையல்நாயகி, ஒரு ஹெரால்டோடு.
ஞாயிறு முழுக்க அதன் அடியில் படுத்திருப்பாள்,
வெளியே தெரிவது இரண்டு பாதம், ஒரு மெட்டி.
கூத்தாநல்லூர் அலாவுதீனின் கான்டஸாவுக்கு
வாரம் ஒரு குளியல், மாதம் ஒரு சண்டை.
ஸ்தனிஸ்லாஸின் அம்பாசிடருக்கு எஞ்சினே இல்லை.
போரிங் போடத் திருச்சி போய் ஏழு வருஷம்.
செங்கல் மேல் நிற்கும் வண்டியில் ஏறி
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தூங்கிப்போவார்.
வாடகை மட்டும் ஒன்றாம் தேதி தவறாது.

ஐப்பசியில் எதிரே கொள்முதல் நிலையத்தில்
குறுவை நெல் வெட்டவெளியில் அடுக்கிக் கிடந்தது.
ஈரப்பதம் கூட என்று இரண்டு நாள் தள்ளினார்கள்.
மூன்றாம் நாள் ராத்திரி வானம் இடிந்தது.
ஷட்டரைத் தட்டினார்கள்.
"அக்கா, ஒரு ராத்திரிக்கு."

ஆறு பேருக்கும் போன் போட்டேன்.
"நெல்லு நனைஞ்சா முளைச்சுப் போகும்.
வண்டி நனைஞ்சா என்ன முளைக்கும்?" என்றேன்.
"துரு" என்றார் வேதரத்தினம்.
அரை மணியில் வந்து
ஹேண்ட் பிரேக்கை இறக்கினார்.

மழைக்கோட்டோடு தையல்நாயகி தள்ளினாள்.
அலாவுதீன் வைதுகொண்டே தள்ளினார்.
செங்கல் மேல் நிற்பதை யார் தள்ளுவது?
ஸ்தனிஸ்லாஸ் நாலு கதவையும் திறந்துவிட்டார்.
பின் சீட்டில் ஆறு சிப்பம்,
டிக்கியில் மூன்று,
பானெட்டைத் தூக்கி
எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.

ஒரு ராத்திரி ஒன்பது நாளானது.
சும்மா விட்டேன் என்று சொல்லமாட்டேன்,
சிப்பத்துக்கு ஐம்பது காசு வாங்கினேன்.
அலாவுதீன் ஒன்பது நாள் வாடகை,
முந்நூற்று அறுபதைக் கழித்துக்கொண்டு கொடுத்தார்.
அட்டையில் அதற்கு விதியில்லை.
வாங்கிக்கொண்டேன்.

கார்த்திகைக்கு இரண்டு நாள் முன்னால்
திருச்சியிலிருந்து மினி லாரியில் எஞ்சின் வந்தது.
செயின் பிளாக்கில் இறக்கி, பூட்டி,
விடிய விடிய வேலை.
நாலாவது முறை சாவி திருப்பியதும் இருமியது,
பிறகு நின்று பேசியது.
வேதரத்தினம் ஸ்டெத்தை எடுக்கக்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை.
"யார் வீட்டுல இந்நேரம் பொரி பொரிக்கிறாங்க?"
தையல்நாயகி தெருவை எட்டிப் பார்த்தாள்.
வண்டிக்கடியில் படபடவென்று வெடித்தது.
சைலன்சர் குழாய் மேல் சிந்திக் கிடந்த நெல்
சூடேறிப் பொரிந்துகொண்டிருந்தது.
ஸ்தனிஸ்லாஸ் குனிந்து ஒன்றைப் பொறுக்கி
ஊதி, வாயில் போட்டு,
"கிரீஸ் வாசம்" என்றார்.
இன்னொன்று எடுத்தார்.

மறுவாரம் காலி செய்தார்.
ஓடுகிற வண்டிக்கு ஷெட் எதற்கு?
செங்கல்லை மட்டும் விட்டுப் போயிருக்கிறார்.

மூன்றாம் கட்டம் காலி.
வாடகை ஆயிரத்து இருநூறு.
மூலையில் கொஞ்சம் நெல் கிடக்கும்,
வருகிறவர் கூட்டிக்கொள்ளலாம்.