யாருடைய நள்ளிரவு

மூன்று பல்கலைக்கழகங்கள்
சமையலறை மேசையில் விரிந்து கிடக்கின்றன.
பாஸ்டன் மேல் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறை.
மெல்போர்ன் பறந்துவிடாதிருக்கச் சர்க்கரைக் கிண்ணம்.
புடாபெஸ்ட்டின் முதுகில் குந்துஸ்
ஒரு குதிரை வரைந்திருக்கிறாள், ஐந்து கால்.
ஒன்றை அழி என்றால்
"ஓடுதும்மா, அதான்" என்கிறாள்.

நாரினில் ஜன்னலைச் சாத்தினாலும் காற்று
சாவித் துளையில் நுழைந்து விசாரித்துவிட்டுப் போகும்.
நான் ஏழாம் வகுப்புக்குப் புவியியல் டீச்சர்.
சர்வதேசக் கல்வி என்றொரு பட்டம் இருப்பதே
போன வருடம்தான் தெரியும்.

பௌதிகம் எடுக்கும் சினாரா
தரவரிசையைப் பார்த்துக் கேட்டாள்:
"முந்நூற்றுப் பன்னிரண்டு...
இது இடமா, விலையா?"
விலை அதைவிட மோசம்.
மெல்போர்ன் கேட்கும் தொகைக்கு
இதே தெருவில் இரண்டு வீடு வரும், மாடுகளோடு.
பாஸ்டன் பாதியைத் தள்ளுபடி செய்தது;
மீதிப் பாதி மலை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி:
உங்கள் சர்வதேச அனுபவத்தை விவரிக்கவும்.
நான் தாண்டிய எல்லை ஒன்றே ஒன்று,
அல்மாட்டிக்கு, பல் பிடுங்க.
இரண்டு வாரம் அந்தக் கோடு வெறுமையாகவே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை, நதிகள் பாடம்.
ஒன்பது இருபதுக்கு சல்கினின் போன் அதிரும்.
சோலில் அவள் அம்மாவுக்குச் சாப்பாட்டு இடைவேளை.
அவளை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு
நாங்கள் பாதி ஆற்றில் நிற்போம்.
பதினோரு மணிக்கு எர்மெக்:
மாஸ்கோவில் அப்பா மெட்ரோவுக்குள் இறங்குமுன்
நான்கு நிமிடம்.
போன் கூடாதென்பது பள்ளியின் விதி.
என் கால அட்டவணையிலோ
பென்சிலில் இன்னொரு பத்தி இருக்கிறது,
எந்த ஊர் எப்போது விழிக்கும்,
யார் எப்போது வெளியே போவார்கள் என்று.
ஆய்வாளர் வரும் நாளில் அழித்துவிடுவேன்.
அவர் போனதும் ஞாபகத்திலிருந்து எழுதுவேன்.

இரண்டு வருடம் படிக்கப் போகிறேன் என்றேன் வகுப்பில்.
யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.
எர்மெக் கையைத் தூக்கினான்:
"எந்தப் பீரியட்ல கூப்பிடுவீங்க?"

அன்றிரவு கணக்குப் போட்டேன்.
இங்கே நண்பகல் என்றால்
பாஸ்டனில் இரவு ஒரு மணி.
குந்துஸ் பள்ளிவிட்டு வரும்போது நான் தூக்கத்தில்.
புடாபெஸ்ட்டில் காலை ஏழு; பல் துலக்கியிருப்பேன்.
கட்டணம் கம்மி, பெயரும் கம்மி,
உதவித்தொகை வந்தால் உண்டு.
ஒரு பல்கலைக்கழகத்தை
இப்படியா தேர்ந்தெடுப்பார்கள்?
சினாராவிடம் சொல்லவில்லை.

வெறும் கோட்டில் அந்தப் பென்சில் பத்தியை
அப்படியே எழுதினேன், பெயர்களை மட்டும் மாற்றி.

இன்று கடைசி நாள். நள்ளிரவு வரை என்று போட்டிருக்கிறது.
கடைசிப் பக்கத்தில் இருக்கும்போதே
பன்னிரண்டு தாண்டிவிட்டது.
கை சில்லிட்டுப் போய்
அப்புறம்தான் உறைத்தது, யாருடைய நள்ளிரவு?
அவர்களுடையது. இங்கே அது விடிகாலை ஐந்து.

அடுப்பு தணிந்திருந்தது.
வாளியை எடுத்துக்கொண்டு
நிலக்கரி அள்ள வெளியே போனேன்.