கதவு திறந்திருந்தது

விளையாட்டு இப்படித்தான் எழுதும்:
நாள் 212. இல்க்கே குளிரில் இறந்தாள்.
வடக்குக் கதவு திறந்திருந்தது.
அடுத்த வரியில் யாரோ
உருளைக்கிழங்கு கிண்டுகிறார்கள், பதினான்கு மூட்டை.

நான் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் குடியிருக்கிறேன்.
வுப்பர்டால், ஃபோவிங்கெல், இரண்டாம் மாடி.
கடைசித் தொங்கு ரயில் என் ஜன்னல் உயரத்தில் போகும்.
அதில் இருப்பவர்களுக்கு நான்
திரை வெளிச்சத்தில் தாடை நீலமான ஒருத்தி,
பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுகிறவள்.

துவாரகா லைப்சிக்குக்குப் படிக்கப் போனபோது
விட்டுப்போன கணினி, விட்டுப்போன விளையாட்டு.
பனிக்குள் ஓர் உப்புச் சுரங்கம். ஏழு பேர்.
பெயரும் குணமும் இயந்திரமே போட்டுத் தரும்:
ஓட்ரன், சோம்பேறி, ஆனால் நன்றாகத் தைப்பான்.
மாவ்ரா, இருட்டென்றால் பயம். சுரங்கத்தில்!
இல்க்கே, எதையும் மறக்கமாட்டாள்.
துயரத்துக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள்:
நனைந்த காலுறை, கழித்தல் இரண்டு.
நண்பரின் சாவு, கழித்தல் எட்டு.
நாலு நாள் காலுறை நனைந்தால்
ஒருத்தர் செத்ததுக்குச் சமம்.
முதலில் சிரித்தேன்.
டிசம்பரில், பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது,
ஒத்துக்கொண்டேன்.

பகலில் நான் மொழிபெயர்ப்பாளர்,
டூசல்டோர்ஃப் நிர்வாக நீதிமன்றத்தில்.
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று
சத்தியம் செய்த வாய்.
ஒருவர் தேதியில் தடுமாறினால்
அதைத் தடுமாறியே சொல்ல வேண்டும்.
அழுதால் அதற்கு மொழிபெயர்ப்பு இல்லை,
நீதிபதியே பார்த்துக்கொள்வார்.

ஆகவே இரவில் கூட்டுகிறேன்.
இல்க்கே ஏன் கதவைத் திறந்தாள்?
முதலில் எழுதியது: நாய்.
நாள் 209இல் தொலைந்த நாய். அதற்கு
இயந்திரம் பெயர்கூட வைக்கவில்லை.
நான் வைத்தேன், சொல்லமாட்டேன்.
பிறகு நாயை வெட்டிவிட்டு
ஓட்ரனோடு சண்டை என்று எழுதினேன்.
பதிவில் தேடினால் சண்டை உண்மையாகவே இருக்கிறது:
நாள் 211, மாலை, அடுப்படி.
இல்க்கே ஓட்ரனை அவமதித்தாள்.
எந்தச் சொல்லால் என்றில்லை.
அந்தச் சொல்லுக்கு எனக்கு இரண்டு இரவு பிடித்தது.
அன்றிரவு ஓட்ரன் தைத்தது மூன்று கையுறை.
இதுவும் பதிவில் உண்டு, நான் கூட்டியதல்ல.
மூன்று.

துவாரகா போனில் சொன்னாள்:
"பழைய சேவ் இருக்கும் அம்மா,
210க்குத் திரும்பிப் போங்கோ, கதவைப் பூட்டுங்கோ,
அவள் பிழைப்பாள்."
தெரியும். ஒரு தடவை போனேன்.
பூட்டினேன். பிழைத்தாள்.
நாள் 212: இல்க்கே சூப் குடித்தாள்.
நாள் 213: இல்க்கே சூப் குடித்தாள்.
எழுத ஒன்றுமில்லை.
பேனாவை மூடும்போதுதான் உறைத்தது,
எனக்கு அவள் செத்தது தேவைப்பட்டிருக்கிறது.
சேமிக்காமல் வெளியே வந்தேன்.
அதையும் கொப்பியில் எழுதவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை
கழுத்துவரை பொத்தான் பூட்டிய ஒருவர்.
கேள்வி அவருடைய அண்ணனைப் பற்றி.
மேசையை நெடுநேரம் பார்த்தார்,
மேசையில் ஒன்றுமில்லை, தண்ணீர்க் குவளை மட்டும்.
பிறகு சொன்னார்:
"கதவு திறந்திருந்தது."

என் வாய்க்குள் நாய் வந்தது.
அடுப்படி வந்தது, மாலை, அந்தச் சொல்,
மூன்றாவது கையுறை, எல்லாம்
பல்லுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றன.
ஜெர்மனில் அது நாலு சொல்.
நாலையும் சொன்னேன்.
நீதிபதி ஒலிப்பதிவுக் கருவியை உதட்டருகே வைத்து
நாலையும் திருப்பிச் சொன்னார்.
கடைசியில், "புள்ளி" என்றார்.

இரவு ரயில் போய்விட்டது.
நாள் 240. மாவ்ரா
விளக்கை மேலேயே வைத்துவிட்டுச்
சுரங்கத்துக்குள் இறங்குகிறாள்.
ஒரு மணி நேரமாய்ப் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
கொப்பியில் இதுவரை அந்தத் தேதி மட்டும்.