அறுபத்திரண்டுக்கு ஒன்று

அயோத்தியாப்பட்டணத்தில்
எங்கள் சேகோ ஃபேக்டரி ஆபீசில்
ஆறு நாற்காலிகள் இருக்கின்றன.
ஐந்தில் ஃபைல்கள் உட்கார்ந்திருக்கின்றன.

கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்
வெள்ளைப் பலகையில் ஒரு கோடு கிழித்தார்.
மேலே அறுபத்திரண்டு, கீழே ஆறு.
"பத்துப் பேர் வேலை செய்கிறார்கள்,
ஒருத்தர் அதை எழுதிக்கொண்டிருக்கிறார்" என்றார்.
எழுதுவது வேலையில் சேராது என்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.
முதலாளி தலையை ஆட்டினார்.
காபி கொண்டுபோய் வைத்தது நான்,
அது கோட்டுக்கு மேலா கீழா என்று தெரியாமல்.

பொய் சொல்லக் கூடாது.
பர்குணன் சார் போனதில்
டீக்கடை நாச்சிமுத்துவைத் தவிர
யாருக்கும் ஒரு குறையுமில்லை.
ஆனால் தில்ஷாத்தும் போனாள்.
எடைச்சீட்டு போடுகிறவள்.
லாரி எடைமேடை ஏறும் சத்தத்தை வைத்தே
இத்தனை டன் என்பாள்.
பாதி நாள் சரியாக இருக்கும்,
மீதி நாள் மேடையில்தான் கோளாறு என்பாள்.

இப்போது எடைச்சீட்டும் நான்.
போன், ஜி.எஸ்.டி., வருகைப் பதிவேடு,
மின்வாரியத்துக்குப் பதில்,
கழிவுநீர் பார்க்க வரும் அதிகாரிக்கு இளநீர்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை.
வாசலில் பதினோரு லாரி.
நான் ஓ.டி.பி.க்காகக் காத்திருக்கிறேன்.
குச்சிக்கிழங்குக்கு ஓ.டி.பி. தெரியாது.
பிடுங்கி ஒரு நாள் போனால்
உள்ளே நீலம் ஓட ஆரம்பித்துவிடும்.
பேளூர்க்காரர் ஒருவர்
ஒரு கிழங்கை முறித்து
என் ஜன்னல் கட்டையில் வைத்தார்.
திட்டவில்லை. வைத்துவிட்டுப் போய்
லாரி நிழலில் உட்கார்ந்துகொண்டார்.
அன்று அவருக்கு இரண்டு பாயிண்ட் குறைந்தது.
குறைத்த சீட்டில் கையெழுத்து என்னுடையது.

மாதையன் விஷயம் வேறு.
வறுவல் அடுப்பில் பத்தொன்பது வருஷம்.
ஆதாரில் அவர் பெயருக்கு இரண்டு ஒய்,
பி.எஃப்.பில் ஒன்று.
மகளின் நர்சிங் ஃபீஸ்
அந்த ஓரெழுத்துக்குப் பின்னால் நிற்கிறது.
திருத்த இருபது நிமிஷம் போதும்.
ஆடியிலிருந்து அந்த இருபது நிமிஷத்தைத் தேடுகிறேன்.
சனிக்கிழமை தோறும் வருவார்,
கை மாவை வேட்டியில் துடைத்துக்கொண்டு
கதவைத் தாண்டாமல் கேட்பார்:
"பாப்பா, அந்த எழுத்து வந்துருச்சா?"

போன வாரம் அபராத நோட்டீஸ்.
தாமதமாகத் தாக்கல் செய்ததற்கு.
காலண்டர் தாளின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன்,
தில்ஷாத்தின் பதினான்கு மாதச் சம்பளம்.
முதலாளியிடம் நீட்டினேன்.
கண்ணாடியை ஏற்றிப் படித்தார், இறக்கினார்.
"அந்தக் கோயம்புத்தூர்க்காரர் பில்
இன்னும் பாக்கியாமே, அதைப் பாஸ் பண்ணும்மா."
என் மேஜையில்தான் இருக்கிறது.
அடியிலிருந்து மூன்றாவது.

இரவு எட்டு மணி.
குப்பனூர் வழியாகச் சேர்வராயன் மலைக்கு
ஒரு வண்டி விளக்கு ஏறுகிறது.
வளைவில் காணாமல் போகிறது,
கொஞ்சம் மேலே மறுபடி வருகிறது.
நாலு வளைவு பார்த்தேன்.
பிறகு ஜி.எஸ்.டி. பக்கத்தை மூடிவிட்டு
மாதையன் பெயரைத் திறந்தேன்,
இரண்டாவது ஒய்யை அடித்தேன்.

ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகிறது.
அவருக்கு நைட் ஷிஃப்ட்.
பத்து நிமிஷம்தான் செல்லும் அது.
களம் தாண்டி ஓடுகிறேன்,
காயப்போட்ட மாவை மிதிக்காமல்.
பின்னால் ஆபீசில் போன் அடிக்கிறது,
நின்று, மறுபடி அடிக்கிறது.

அடுப்பு வெக்கையில்
மாதையன் போனை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு எண்ணாகச் சொல்கிறார்.
நாலு. பூஜ்ஜியம். ஏழு. ஏழு. ஒன்று.
கடைசி எண்ணின் மேல் மாவு.
இருங்க பாப்பா என்று
பனியன் நுனியில் துடைக்கிறார்.