எஃப்.சி.

மகனின் கணக்கு நோட்டைத் தலைகீழாகத் திருப்பி
கடைசிப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன்.
பட்டி பார்த்து பெயின்ட் அடித்தது நாலாயிரத்து இருநூறு.
ஒளிரும் ஸ்டிக்கர், முன்னும் பின்னும், அறுநூறு.
இடது கதவுக்குக் கீழே துரு தின்ற இடத்தில்
தகரம் வைத்துப் பற்றவைத்தது
பேரம் பேசி ஆயிரத்து நூறு.
இரண்டு நாள் தண்ணீர் கேன் போடாததை
எந்த வரியில் எழுதுவது?
வியாசர்பாடியில் எனக்குத் தொண்ணூறு வீடு.
அதில் பதினாலு வீடு இதற்குள்
வேறு ஆளைப் பிடித்துவிட்டது.

புரோக்கர் தனசிங்குக்குக் கொடுத்ததை
'மற்றவை' என்று எழுதினேன்.
நல்ல சொல் அது.
யார் வந்தாலும் உள்ளே உட்கார இடம் இருக்கும்.

பின்டயர் இரண்டும் புதுப்பேட்டையில் வாடகைக்கு எடுத்தவை.
கறுப்பு பாலீஷ் போட்டே கொடுக்கிறார்கள்.
தீயணைப்பான் இலியாஸ் அண்ணனுடையது.
அந்தச் சிவப்பு உருளை இதுவரை
பதினோரு வண்டிகளைப் பாஸ் செய்ய வைத்திருக்கிறது,
ஒரு பீடி நெருப்பைக்கூட அணைத்ததில்லை.

செங்குன்றத்தில் காலை ஆறரைக்கே வரிசை.
எனக்கு முன்னால் ஸ்கூல் வேன்,
அதற்கும் முன்னால் கோழி வண்டி.
கழுவியும் போகாத வாசனைமேல் புதுப் பெயின்ட் வாசனை.
"வண்டி ஓடுதோ இல்லியோ, யம்மா,
வருஷா வருஷம் நம்மள ஓட வுடறான்"
என்றார் கோழி வண்டிக்காரர்.
சிரித்தேன்.
இதையே நானும் சொல்லியிருக்கிறேன்,
இன்னும் கெட்ட வார்த்தையில்.

இன்ஸ்பெக்டர் சின்னப் பையன்.
ஹாரன் அடிக்கச் சொன்னார், அடித்தேன்.
இண்டிகேட்டர், வைப்பர், ஹெட்லைட்.
முடிந்தது என்று தனசிங் கண்ணைக் காட்டினான்.
அப்போது அந்தப் பையன்
சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு
தரையில் ஒரு நியூஸ்பேப்பரை விரித்து
வண்டிக்கு அடியில் படுத்தார்.

தனசிங் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்து விரலை நீட்டினார்.
ஈரம்.
"பிரேக் ஆயில். பின்னாடி ஹோஸ் விட்டிருக்கு.
எத்தனை நாளா இப்படி ஓட்டறீங்க?"

எத்தனை நாளாக.
முதல் மிதியில் பிடிக்காது,
இரண்டாவது மிதியில் பிடிக்கும்.
வண்டியின் குணமே அது என்று நினைத்திருந்தேன்,
இரண்டு தரம் கூப்பிட்டால்தான்
திரும்பிப் பார்க்கிற என் மகன் மாதிரி.
போன ஞாயிறு அவனையும்
அவனோடு படிக்கிற நாலு பையன்களையும்
பின்னால் ஏற்றிக்கொண்டு
காசிமேடு போய் வந்தேன்.
வழியெல்லாம் கேனைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

ஹோஸ் முன்னூற்று எண்பது ரூபாய்.
மறுபடி ஃபீஸ், மறுபடி டயர் வாடகை,
மறுபடி ஒரு நாள், மறுபடி மற்றவை.
நன்றாகத் திட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.
வாய்க்குள் அந்த நாலு பையன்கள்
கேனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சரி பண்ணிட்டு வாங்க" என்று
சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்.
அடுத்த வண்டி.

இதை இனி வீட்டுக்கு யார் ஓட்டிப் போவது?
நான்தான்.

ஜி.என்.டி. ரோட்டில் லாரிகள் திட்டிக்கொண்டே முந்தின.
இருபதைத் தாண்டவில்லை நான்.
மாதவரம் ரவுண்டானாவில் ஒருவர்
"வண்டி புதுசா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.
மூலக்கடை மேம்பாலம், ஏறும்போது ஒன்றுமில்லை.
உச்சியில் ஓரம் கட்டினேன்.
கீழே சிக்னல், ஹெல்மெட்டுகள்,
ஒரு தள்ளுவண்டி நிறைய பப்பாளி,
தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு
குறுக்கே வரும் ஒரு சிறுமி.

தினம் இரண்டு தரம் இறங்குகிற இறக்கம்.
முதல் கியரில் போட்டேன்.
ஒரு தரம் மிதித்தேன்.
இரண்டாவது மிதிக்கு முன்னால்
எவ்வளவு ரோடு இருக்கிறது என்று
எண்ணிக்கொண்டே இறங்கினேன்.