புலப்படம்

மூணாறு தலைப்பில் மூன்றாய்ப் பிரிந்த ஆறு
அப்புறம் எத்தனையாய்ப் பிரிந்தது என்று
எண்ணி முடித்தவர் இல்லை.
இந்த ஊருக்கு வரும்போது முழங்கால் ஆழம்,
அதற்கும் ஒரு நம்பர்: ஏழு பி.
மேட்டூரைத் திறந்த இருபத்து மூன்றாம் நாள்
நுரையும் ஒற்றை ரப்பர் செருப்புமாய் வந்து சேரும்.
தெற்கே ஒன்பது கிலோமீட்டரில் கடல்.
கிணற்றில் இறைத்தால் இன்னும் பக்கம்.

நாற்பத்து மூன்று வீடு. ஒரு குளம்.
வட்டக் கணக்கில் கிராம எண் 88.
பெயர்: விலக்குக் கட்டளை.

நான் நில அளவர். மறு அளவைக்கு வந்தவள்.
பழைய படம் துணியில் ஒட்டியது;
மடிப்பு விழுந்த இடமெல்லாம் வயல் கிழிந்திருக்கிறது.
அதில் வாய்க்கால் ஊருக்கு வடக்கே ஓடுகிறது.
நேரில் தெற்கே.
ஐம்பத்திரண்டு புயலில் திரும்பிப் படுத்தது
என்கிறார் உத்திராபதி,
தூக்கத்தில் புரண்ட ஆளைச் சொல்வதுபோல.

முச்சந்திக் கல்லைத் தேடி மூன்று நாள்.
கிடைத்தது மகமூதா வீட்டுக் கொல்லையில்,
சோப்பு நுரைக்கு அடியில்.
மேலே அம்புக்குறி, பாதி தேய்ந்து.
"பதினெட்டு வருஷமா இதுலதான் துவைக்கிறேன்.
இதுக்கு அந்தாண்ட வேற ஊரா?"
ஆமாம் என்றேன்.
கொடியில் அவர் சேலை,
முந்தி ஓர் ஊரிலும்
உடல் வேறோர் ஊரிலும்
காய்ந்துகொண்டிருந்தது.

டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் ககாரின்.
அப்பா கட்சிக்காரர், வைத்துவிட்ட பெயர்.
உக்ரைனில் டாக்டருக்குப் படிக்கப் போய்
நாலாம் வருடம் பாதியில் திரும்பியவன்.
கடைசி வாரம் அங்கே தன் பெயரைச் சொல்லவே
கூச்சமாக இருந்ததாம்.

பத்து மீட்டருக்கு ஒரு வாக்கியமாகச் சொன்னான்:
குண்டு விழுந்த நகரத்தை விட்டு ஓடி
ஒரு சின்ன ஊரில் பதினோரு நாள்.
அதன் பெயரைச் சொன்னான், என் நாக்கில் ஒட்டவில்லை.
ஒரே தெரு, தெரு முடிந்தால் குளம், குளம் முடிந்தால் கறுப்பு மண்.
நம்ம களி மாதிரியே, காலை விடாது.
ஜார் காலத்தில் ஒரு பெயர்,
கூட்டுப்பண்ணை வந்ததும் எவரோ தலைவரின் பெயர்,
பிறகு பழைய பெயரே, ஓர் எழுத்து மாற்றி.
"ஊரு மட்டும் அங்கேயேதான் இருந்துச்சு, மேடம்."
படை வருகிறது என்றதும்
ஊர்ப்பலகையைக் கழற்றி
உருளைக்கிழங்குக் குழிக்குள் இறக்கினார்களாம்.
வழி தெரியாமல் வண்டிகள் திரும்பிப் போயின.
ஒன்று போகவில்லை.
அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்
டேப்பை இழுத்துப் பிடித்தான்.

வெள்ளிக்கிழமை, தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு அறை.
கறையான் விட்டுவைத்த இனாம் பதிவேடு.
ஒரு நந்தா விளக்குக்கு எழுதிவைத்த நிலம்,
வருடத்துக்கு இத்தனை படி எண்ணெய்.
எந்தக் கோயில்? அந்தப் பக்கத்தைக் காணோம்.
ஊர்ப் பெயர்: விளக்குக் கட்டளை.

அடுத்த பதிவேட்டில் எவரோ ஒரு குமாஸ்தா
ளகரத்தைக் கண்டுகொள்ளவில்லை.
கண்ணாடியை மறந்த நாளோ,
மதியச் சோறு செரிக்காத நேரமோ.
அன்றிலிருந்து விலக்கு.
வெள்ள நிவாரணத்தில் விலக்கு,
பயிர்க் காப்பீட்டில் விலக்கு.
கஜாவுக்குப் பிறகு வந்த கரண்டுக் கம்பமும்
பக்கத்து ஊரோடு நின்றுகொண்டது.
ஓர் எழுத்துதான் காரணம் என்று
அறிக்கையில் எழுத முடியாது.

திருத்திவிடலாம், ஒரே ஒரு படிவம் என்றேன் கூட்டத்தில்.
கை தட்டுவார்கள் என்று நினைத்தேன்.
வைரக்கண்ணு எழுந்தார்:
"ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, சொசைட்டி கடன்,
புள்ளைவொ சர்டிபிகேட்டு, எல்லாம் லானா.
ஒரு ளானாவுக்காக நாப்பத்து மூணு வீடும்
திருவாரூருக்கு அலையணுமா?"
உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார்.
"அந்த வெளக்கு எரிஞ்சப்பவும்
நாங்க வெளியிலதானே நின்னோம்."

புதுப் படத்தில் வாய்க்காலைத் தெற்கே திருப்பினேன்.
பெயரைத் தொடவில்லை.
கல்லின் நிலை என்ற பத்தியில்
'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதினேன்.
ககாரின் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தான்.
முதல் மூன்று மீட்டர் சோப்பு வாசனை,
மிச்சமெல்லாம் களி.