முப்பத்தைந்து சதவீதம்

மூன்று இரவாய் முப்பத்தைந்தில் நிற்கிறது.
பிறகு தானே அணைந்து, தானே எழுந்து
'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்,
கணினியை அணைக்க வேண்டாம்' என்கிறது.
வெளியே சோமனூர்த் தறிகள்
யாரையும் கேட்காமல் ஓடுகின்றன.

பிழை எண்ணைத் தேடினேன்.
இடமில்லையாம், அவ்வளவுதான்.
சி டிரைவில்
முப்பத்தோரு ஜிபிக்கு ஒரே ஃபோல்டர்:
நவநீதன் துளசிமணி கல்யாணம்.
வெட்டாத வீடியோ.
இணைச்சீரில் தம்பி பக்கத்தில்
கூறைச்சேலைக் கூடையோடு நிற்கிறேன்,
கை வலிக்கிறதென்று முகத்திலேயே தெரிகிறது.

வழக்கு திருப்பூர்க் கோர்ட்டில்,
அடுத்த வாய்தா பதினேழாம் தேதி.

நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது.
தம்பியை எழுப்பினேன்.
"உன்ற இஷ்டம்க்கா"
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பென் டிரைவுக்கு மாற்றி
நூல் பில் கட்டோடு ரப்பர் பேண்டில் சுற்றி வைத்தேன்.

ஐந்து மணிக்கு நூறு தொட்டது.
பிரிண்டரை மட்டும்
யாரென்றே தெரியவில்லையாம் இப்போது.